இறக்கத்துக்கு மட்டும் நல்லவள்

உங்கள் எடை எத்தனை கிலோ?

கோபப்படாதீர்கள். கொட்டகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொஞ்ச காலமாக எல்லோரையும் நான் இந்தக் கேள்வியோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயால் கேட்கவில்லை — கண்ணால். ஆள் தூரத்தில் வரும்போதே எனக்குள் தராசு ஆட ஆரம்பித்துவிடும். இவர் எழுபது... இந்த அக்கா ஐம்பத்தைந்து... அட, இவர் தொண்ணூறைத் தாண்டுவார், விடாதே!

காரணம், என் கார்.

பழைய எலக்ட்ரிக் கார். ஜப்பானில் யாரோ ஓட்டித் தேய்த்து, கொழும்பில் யாரோ ஓட்டித் தேய்த்து, மிச்சம் மீதியை நான் வாங்கினேன். நாடே பெட்ரோல் வரிசையில் நின்ற காலத்தில் நானும் ஸ்கூட்டியோடு ஒரு முழு நாள் நின்றேன். அன்றைக்கு எடுத்த சபதம், ‘இனி வாழ்க்கையில் பெட்ரோல் செட் பக்கமே தலைவைக்க மாட்டேன்.’ சபதமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பேட்டரிதான் வயதாளி. புதிதில் திரையில் பன்னிரண்டு கட்டம் காட்டுமாம். எனக்குக் காட்டுவது ஏழு.

என் ரூட்டையும் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் செங்குத்தான தோட்டத்து ரோட்டில் இறங்கினால் கொட்டகலை மெயின் ரோடு. அங்கிருந்து ஹட்டன். ஹட்டனிலிருந்து மறுபடி வட்டவளைப் பக்கம் இறங்கினால் என் ஸ்கூல். விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஸ்கூல் விட்டதும் ஹட்டனில் டியூஷன் கிளாஸ். ஐந்தரைக்கு அதை முடித்துக்கொண்டு வீடு. அதாவது காலையில் இறக்கம், மாலையில் ஏற்றம். இரவு முழுக்க எங்கள் லயத்து வரிசை வீட்டு பிளக்கில் கார் கரண்ட் குடிக்கும். பக்கத்து வீட்டில் ரைஸ் குக்கர் போட்டால் பாவம், அதுக்கு மூச்சுத் திணறும்.

எலக்ட்ரிக் காரில் ஒரு சூப்பர் விஷயம் இருக்கிறது. இறக்கத்தில் காலை எடுத்தால் போதும், சக்கரமே மோட்டாரைச் சுற்றி, பேட்டரியைத் திரும்ப சார்ஜ் பண்ணும். கார் எவ்வளவு கனமோ அவ்வளவு அதிகம் சார்ஜ். இது எந்தப் புத்தகத்திலும் இருக்கிற விஞ்ஞானம். உடனே என் மூளை வேலை செய்தது — அப்படியென்றால் காலையில் ஆளை ஏற்று!

ஏற்றினேன். தினமும் நாலு பேர். ஓசியில். ஹட்டனில் மரக்கறி ஸ்டோர் ஒன்றில் வாட்ச்சராக இருக்கும் மாணிக்கம் அண்ணன்தான் என் ஸ்பெஷல் பயணி. தொண்ணூற்றைந்து கிலோ! சும்மாவா?

“டீச்சர், நான் பின்னுக்கு ஒக்காந்துக்கிறேன். முன்னுக்கு பொம்பளைங்க யாரையாச்சும் ஏத்துங்க. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு” என்பார்.

“அதெல்லாம் முடியாதுண்ணே. நீங்கதான் முன்னுக்கு. நீங்க ஏறினாத்தான் காருக்கே சந்தோசம்.”

பின் சீட்டிலிருந்து செல்வராணி அக்கா விடுவாரா? “ஆமாங்க. அண்ணன் ஏறினதும் கார் அப்படியே குனிஞ்சு கும்புடுதில்ல?”

தோட்டம் முழுக்க எனக்கு நல்ல பெயர். ‘டீச்சருக்குத் தங்கமான மனசு, பெருமையே இல்ல, வழியில நிக்கிறவங்கள எல்லாம் கூப்புட்டு ஏத்துது.’ அம்மா பூரித்துப் போனார். நானும் மறுக்கவில்லை. தங்கமான மனசு என்று சொன்னால் வேண்டாம் என்றா சொல்வார்கள்?

சரி, மாலையில்?

மாலையில் நான் வேறு ஆள். ஏற்றத்தில் யாரையும் ஏற்றமாட்டேன்.

அதற்கு ஒரு கதை இருக்கிறது. கார் வாங்கிய முதல் மாதம், ஒரு மாலை, மூன்று பேரை ஏற்றிக்கொண்டு வந்தேன். எங்கள் ரோட்டில் முனியாண்டி கோயில் வளைவு என்று ஒன்று — அதுதான் உச்சகட்ட ஏற்றம். அங்கே வரும்போது திரையில் ஆமைப் படம் வந்தது. சார்ஜ் தீர்ந்து போச்சு, இனி இப்படித்தான் ஊர்வேன் என்று கார் சொல்லும் அறிவிப்பு. அப்புறம் ஆமையும் நின்றுவிட்டது. மாணிக்கம் அண்ணன் குதித்து இறங்கி, எங்கிருந்தோ ஒரு கல்லைத் தூக்கி வந்து பின் சக்கரத்துக்கு அணை வைத்தார். லயத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். பத்துப் பேர் சேர்ந்து, பாட்டும் கூச்சலுமாக என் காரை வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள். ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை.

இறங்கி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அவர்களிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“ஏத்தத்துல ஆள் ஏத்தினா கார் தாங்காதுங்க. இனி ஏத்த முடியாது.”

உண்மை அதில்லை. முந்தின இரவு எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. காரில் பாதி சார்ஜ்தான் ஏறியிருந்தது. நான் பார்க்காமலேயே கிளம்பிவிட்டேன். விஞ்ஞான டீச்சர் மீட்டரைப் பார்க்காமல் கிளம்பினாள் என்று பத்துப் பேர் முன்னால் சொல்ல முடியுமா? கார் மேல் போட்டுவிட்டேன். கார் திருப்பிப் பேசாதே!

மாணிக்கம் அண்ணன் சின்ன வயதில் தோட்டத்துக் கொழுந்து லொறியில் கிளீனராக இருந்தவர். அவர் என் பொய்க்கு ஒரு விளக்கமும் கொடுத்தார். “அந்தக் காலத்து லொறி மாதிரித்தான். ஏத்தத்துல நின்னுச்சுன்னா முடிஞ்சுது. அப்புறம் எழும்பாது. நிக்காமப் போனாத்தான் மேல சேரும்.”

அவ்வளவுதான், அது சட்டமாகிவிட்டது. அன்றிலிருந்து மாலையில் என் கார் வருவது தெரிந்தால், நடந்து போகிறவர்கள் எல்லோரும் ரோட்டை விட்டு இறங்கி, தேயிலைச் செடியோடு ஒட்டி நின்று வழி விடுவார்கள். தலையில் விறகுக் கட்டு இருக்கும், கையில் பிள்ளை இருக்கும். அப்படியே கையை ஆட்டி, “நிக்காதீங்க டீச்சர், போங்க போங்க! நின்னா எழும்பாது!” என்று என்னை மேலே அனுப்பி வைப்பார்கள். ஏதோ ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிற ஆளுக்கு உற்சாகம் கொடுப்பதைப்போல.

நின்றால் எழும்பாதாம்! உண்மையில் எலக்ட்ரிக் காரைப்போல ஏற்றத்தில் அலுங்காமல் எழும்பும் வண்டி வேறு கிடையாது. எனக்கு அது தெரியும்.

தெரிந்தும், நானும் கையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன். ஏசி போடாமல், பாட்டுப் போட்டுக்கொண்டு.

இப்படியே ஓடியிருக்கும். போன செவ்வாய்க்கிழமை காலையில் செல்வராணி அக்கா பின் சீட்டிலிருந்து சொன்னார், “டீச்சர், இந்த மாசத்தோட நான் வேலைய விட்டு நின்டுக்கிறேன். அடுத்த மாசம் எனக்கு எடம் வைக்காதீங்க.”

என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? ஐம்பத்தைந்து கிலோ போச்சே!

சத்தியமாக அதுதான் வந்தது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினெட்டு வருடம் கொழுந்து பறித்தவர். ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. எங்கள் லயத்தில் தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிற இடத்தில் வேலை செய்யும் முதல் பெண். புடவையை விரித்துத் தோளில் போட்டுக் காட்டுவதில் அவருக்கு ஒரு ஸ்டைல் உண்டு. ‘அக்கா காட்டினா வாங்காமப் போறதுக்கு மனசு வராது’ என்று ஹட்டனுக்கே தெரியும். காலையில் என் காரில் ஏறும்போதே பொட்டும் பூவுமாக, பேட்ஜைக் குத்திக்கொண்டுதான் ஏறுவார். கடையில் போய்க் குத்தினால் போதாதா என்று மாணிக்கம் அண்ணன் கிண்டல் பண்ணுவார். “ரோட்டுல போறவனும் தெரிஞ்சுக்கட்டும்ணே” என்பார்.

அந்த அக்காதான் நிற்கப் போகிறார்.

“ஏங்கா? நானா ஏதாச்சும் சொன்னாரா?” கடை முதலாளியை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

“சேச்சே. அந்த மனுசன் தங்கம். காலையில கடைக்கு வாறது பிரச்சனையில்ல டீச்சர், ஒங்க கார் இருக்கு. போறதுதான்.”

மூன்று மாதத்துக்கு முன் பெய்த மழையில் எங்கள் ரோட்டின் சின்னப் பாலம் ஒரு பக்கம் உடைந்துவிட்டது. பலகை போட்டிருக்கிறார்கள். காரும் த்ரீவீலரும் போகும், பஸ் போகாது. மாலையில் ஏறி வரும் ஒரே பஸ் அதோடு நின்றுபோனது. கடை பூட்டுவது ஆறு மணிக்கு. அக்கா மெயின் ரோட்டு பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்கி, நாலு கிலோமீட்டர் ஏறி நடக்கிறார். தினமும் த்ரீவீலர் பிடித்தால் வேலைக்குப் போவதிலேயே அர்த்தமில்லை. அதையும் சமாளித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். போன வாரம் பத்தாம் நம்பர் மலையில் சிறுத்தை ஒரு நாயைத் தூக்கிப் போய்விட்டது. அந்தத் தேயிலை மலைக்கு நடுவில்தான் ரோடு. ஆறரை மணிக்கு இருட்டிவிடும்.

“சின்னவ வாசல்ல நின்டுக்கிட்டு அழுவுறா டீச்சர், நான் வந்து சேருற வரைக்கும். எதுக்குங்க இது? பழையபடி பெரட்டுக்கே போயிர்றேன். கொழுந்துக் கூடையத்தான் நான் மறந்துட்டேனா, அது என்னைய மறந்துருச்சா?”

பெரட்டு என்றால் காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மாணிக்கம் அண்ணன் அன்றைக்குக் கிண்டல் பண்ணவில்லை.

நான் திரையைப் பார்த்தேன். இறக்கம். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

அன்று பதினோராம் வகுப்புக்கு அழுத்த சக்தி பாடம். ஒரு பொருளை உயரத்துக்குத் தூக்க எவ்வளவு சக்தி வேண்டும் — திணிவு, புவியீர்ப்பு, உயரம், மூன்றையும் பெருக்கு. புத்தகத்தில் செங்கல்லை வைத்துக் கணக்கு இருந்தது. எனக்குச் செங்கல் பிடிக்கவில்லை. போர்டில் எழுதினேன், ‘ஐம்பத்தைந்து கிலோகிராம் திணிவுள்ள ஓர் அக்காவை இருநூறு மீற்றர் உயரத்துக்கு ஏற்றத் தேவையான சக்தி யாது?’

வகுப்பு சிரித்தது. கணக்குப் போட்டது. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஜூல்.

பார்த்தீர்களா, ஒரு லட்சம்! எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. பாவம் என் ஏழு கட்டம், லட்சக்கணக்கில் எங்கே போகும்? நான் செய்தது சரிதான்.

முன் வரிசையிலிருந்து ஒரு மாணவி கையைத் தூக்கினாள். “மிஸ், கரண்ட் பில்லுல வர்ற யூனிட்டுக்கு மாத்தினா எவ்வளவு மிஸ்?”

ஒரு யூனிட் என்பது முப்பத்தாறு லட்சம் ஜூல். வகுத்தோம். போர்டைப் பார்த்தபடி நின்றுவிட்டேன்.

ஒரு யூனிட் கரண்டில் முப்பத்திரண்டு அக்காக்களை மேலே கொண்டுபோகலாம். மோட்டாரும் டயரும் தின்பதைக் கழித்தாலும் இருபது அக்காக்கள். ஒரு அக்காவுக்கு ஆகும் செலவு? இரண்டு கிளாஸ் பிளேன்டீக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கிற கரண்ட். தாராளமாகப் போட்டால் இரண்டரைக் கிளாஸ்.

அப்படியே மறுபக்கக் கணக்கையும் போட்டேன். எங்கள் ரோட்டு இறக்கத்தில் என் நாலு பேரும், மாணிக்கம் அண்ணன் உட்பட, தினமும் காலையில் எனக்குத் தந்த சார்ஜ்? அரைக் கெட்டில் தண்ணீர். அவ்வளவுதான்! இதற்குத்தான் மாதக்கணக்காக ஆட்களைக் கண்ணால் நிறுத்துக்கொண்டிருந்தேன்.

இறக்கத்தில் எனக்கு என்ன லாபம் என்று முதல் நாளே விஞ்ஞானம் பேசிய மூளை, ஏற்றத்தில் என்ன நட்டம் என்று ஒரு நாளும் கணக்குப் போடவில்லை. படித்த மூளை வேறு!

அன்று மாலை டியூஷன் இழுத்துக்கொண்டு போய், ஹட்டனிலிருந்து கிளம்பவே ஆறேகால் ஆகிவிட்டது. சந்தியில் திரும்பிக் கொஞ்ச தூரம் ஏறியதும் இருவரையும் பார்த்தேன். அக்காவும், கையில் டார்ச்சோடு மாணிக்கம் அண்ணனும். அண்ணனுக்கு வேலை நாலு மணிக்கே முடிந்துவிடும். அக்கா தனியாக வரக்கூடாதென்று இரண்டு மணி நேரம் சந்தியில் காத்திருந்திருக்கிறார். ஏற்றத்தில் அவருக்கு இளைக்கும். பத்து அடிக்கு ஒருமுறை நின்று நின்றுதான் ஏறிக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் இரண்டு பேரும் பாய்ந்து ஒதுங்கினார்கள். “போங்க போங்க, நிக்காதீங்க!”

நிறுத்தினேன்.

“ஐயோ, ஏன் டீச்சர் நின்னீங்க!” அக்கா தலையில் கை வைத்தார். நான் கண்ணாடியை இறக்குவதற்குள் மாணிக்கம் அண்ணன் பின் சக்கரத்துக்கடியில் கல் வைத்துவிட்டார்!

“ஏறுங்க ரெண்டு பேரும்.”

“வேணாம் டீச்சர். ஆள் இல்லாமயே அது படுற பாடு... நீங்க போங்க, நாங்க பேசிக்கிட்டே வந்துருவோம்.”

“அக்கா, நீங்க ஏறுங்க.”

டீச்சர் குரலில் சொன்னேன். ஏறினார். சீட்டில் முழுசாக உட்காரவில்லை. கனம் தெரியக்கூடாதாம், நுனியில் தொற்றிக்கொண்டிருந்தார். மாணிக்கம் அண்ணன் மட்டும் மறுத்துவிட்டார். “நான் தள்ளுறேன். தள்ளாம எழும்பாது” என்று பின்னால் போய், காலை ஊன்றி, இரண்டு கையையும் நீட்டினார்.

மெதுவாக அழுத்தினேன். சத்தமே இல்லாமல் கார் மேலே போனது.

கண்ணாடியில் பார்த்தேன். தள்ளுவதற்கு நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கைக்கு முன்னால் கார் இல்லை!

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இன்னும் செங்குத்தான இடத்தில் மறுபடி நிறுத்திக் காத்திருந்தேன். அண்ணன் மூச்சு வாங்க வந்து ஏறினார். ஏறியதும் கார் குனிந்தது. மறுபடி எழும்பியது. முனியாண்டி கோயில் வளைவில், வேண்டுமென்றே, நட்டநடு ஏற்றத்தில் இன்னொரு முறை நிறுத்தினேன். அக்கா என் சீட்டைப் பிடித்துக்கொண்டார். எழும்பியது. அலுங்கவில்லை, குலுங்கவில்லை.

“என்னங்க டீச்சர் இது, மாயமா?” என்றார் அண்ணன்.

கணக்கைச் சொன்னேன். “அக்கா மேல போறதுக்கு ரெண்டு கிளாஸ் பிளேன்டீ கொதிக்கிற கரண்ட் போதும்ணே. ஒங்களுக்கு நாலு.”

“சீனி போட்டா, போடாமயா?”

சிரித்தோம். அக்காவும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, அக்கா சாதாரணமாகத்தான் கேட்டார்.

“அப்ப இத்தன நாளா ஏன் டீச்சர் நிக்காமப் போனீங்க?”

குரலில் கோபமே இல்லை. வகுப்பில் பிள்ளைகள் விளங்காததைக் கேட்பார்களே, அப்படி.

கார் மேல் இன்னொரு தடவை போடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். அப்புறம் சொல்லிவிட்டேன். “அன்னைக்கு கார் நின்னதுக்கு நீங்கெல்லாம் ஏறினது காரணமில்லக்கா. முதல் நாள் கரண்ட் இல்ல. நான் சார்ஜ் பாக்காமக் கிளம்பிட்டேன். அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அப்புறம்... அப்படியே விட்டுட்டேன்.”

காருக்குள் சத்தமில்லை. எலக்ட்ரிக் காரில் இது ஒரு கஷ்டம். இஞ்சின் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது.

அக்கா சொன்னார், “நாங்க கார் பாவம்னு நெனச்சு நடந்தோம் டீச்சர்.”

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லயம் வந்ததும் இறங்கினார். வாசலில் நின்றுகொண்டிருந்த சின்னவள் ஓடி வந்தாள்.

நம்மில் நிறையப் பேர் நல்லவர்கள்தான், சந்தேகமே இல்லை. நமக்கு இறக்கமாக இருக்கும் நேரத்தில் அடுத்தவரை ஏற்றிக்கொள்கிறோம். அவருக்கு ஏற்றமாக இருக்கும் நேரத்தில் நமக்கு எங்கிருந்தோ ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. பேட்டரி, டைம், உடம்பு சரியில்லை, மீட்டிங்... நான் ஊருக்கு உபதேசம் பண்ணவில்லை. என் ஏழு கட்டத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன்.

மறுநாள் காலையில் அக்கா வழக்கமான இடத்தில் நிற்பாரா என்று எனக்குப் பயமாக இருந்தது. நின்றார். பேட்ஜ் குத்தியிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாணிக்கம் அண்ணன் ஏற்பாட்டை அறிவித்துவிட்டார். மாலையில் நான் ஆறு மணி வரைக்கும் ஹட்டனில் நிற்க வேண்டும், அக்கா வந்ததும் கிளம்ப வேண்டும், வழியில் நடக்கிறவர்களை இடமிருக்கும் வரைக்கும் ஏற்ற வேண்டும். என்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

“நானாகிட்ட என்னக்கா சொல்லப் போறீங்க? நின்டுக்கிறேன்னு சொல்லிட்டீங்களே?”

“சொன்னதுதான். இன்னைக்கு மறுபடி போய்ச் சொல்லணும். வேற ஆள் போட்டிருந்தா என்ன செய்யிறது?”

அன்று மாலை காரில் ஏறியதும் முதலில் அதைத்தான் கேட்டேன்.

“சொன்னேன் டீச்சர். மனுசன் கண்ணாடிய மூக்குல எறக்கிவிட்டுப் பாக்குறாரு. ‘போறேன்னீங்க, இப்ப இருக்கேன்ங்கிறீங்க. ஒங்களுக்குப் பதிலா ஆள் தேடுற வேலைய நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. போய் அந்தக் கஸ்டமரப் பாருங்க, ஒரு மணி நேரமா ஒரு சேலையையும் புடிக்கல அவங்களுக்கு’ன்னுட்டாரு.”

“கஸ்டமர் வாங்கினாங்களா?”

“ரெண்டு.”

இன்று வெள்ளிக்கிழமை. கடைக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு, போனில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். மணி ஆறு ஐந்து. மழை தூறுகிறது. ஷட்டர் பாதி இறங்கிவிட்டது. அக்கா குனிந்து வெளியே வருகிறார். சார்ஜ் முப்பத்தொரு சதவீதம்.